மாடியில் ஓர் ஆக்ரா

தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லி செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை. டெல்லியில் தை மாதம் பனிமூட்டம், பங்குனி பிறந்தால் வெயில். வீடு இருக்கும் தாம்பரம் பக்கத்துச் செம்பாக்கத்திலோ ஐப்பசி, கார்த்திகையில் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டால் வீட்டை விட்டு நகர முடியாது. இத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை புறப்படுவதென்று அபிதகுஜாம்பாள் முடிவு செய்தாள். இரண்டு நாள் டெல்லி, இரண்டு நாள் ஆக்ரா, அப்புறம் வீடு. கூட வேலை பார்த்த வேதசிரோமணி டீச்சர் இப்போது டெல்லியில் மகள் வீட்டில் இருந்தாள். தங்க இடமும் துணையும் ஆயிற்று. திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யக்ஞநாராயணனை என்ன செய்வது என்பது மட்டும்தான் பாக்கி.

யக்ஞநாராயணன் அவள் கணவர். ரயில்வே கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து நாலு வருஷமாகிறது. வலது கையைத் தூக்க முடியாது. வலது காலை இழுத்து, ஊன்றுகோலைப் பிடித்துக் கூடத்துக்கும் கழிவறைக்கும் போய் வருவார். பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால் குத்தல் மட்டும் குறையவில்லை.

அபிதகுஜாம்பாள் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். கணவர் படுத்ததும் அழுதுகொண்டு உட்காரவில்லை. முதியோர் பராமரிப்புப் பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். பேத்தி வயசுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது, இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் ஆளை எப்படிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது என்றெல்லாம் கற்றுக்கொண்டாள். "சொந்த ஆத்துக்காரரைப் பாத்துக்க சர்டிபிகேட்டா மாமி?" என்று காலனியில் சிரித்தார்கள். "இடுப்பு என்னோடதாச்சே" என்றாள்.

படித்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். ஒரே ஒன்றில் மட்டும் படிக்காதவள் மாதிரி இருந்துவிட்டாள். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழக வேண்டும் என்று பிசியோதெரபி செய்ய வந்தவர் சொன்னபோது யக்ஞநாராயணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இடது கையாலே சாதமா? வேற ஆளைப் பாருங்கோ." அவளுக்கும் அந்தக் காட்சியை நினைக்கவே கூசிற்று. அன்றிலிருந்து மூன்று வேளையும் அவள்தான் ஊட்டினாள். சட்டைப் பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள். அவர் போட ஆரம்பித்தால் பாதிப் பொழுது போய்விடும். இவளுக்கு ஒரு நொடி வேலை.

ரயில்வேக்காரர் வீட்டில் பாஸுக்குக் குறைவில்லை. அந்தப் பாஸ் காலம் முழுக்கக் கும்பகோணத்துக்கும் திருப்பதிக்கும் மட்டும்தான் போய் வந்தது. முகலாயர்களை வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியவள் விந்தியமலையைத் தாண்டியதில்லை. அப்போதெல்லாம் அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

ஒரு நாள் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜஹனாரா நினைவுக்கு வந்தாள். ஷாஜஹானை அவர் மகனே ஆக்ரா கோட்டையில் சிறை வைத்தான். மூத்த மகள் ஜஹனாரா அப்பாவோடு கோட்டைக்குள் போய், அவர் சாகும்வரை ஏறக்குறைய எட்டு வருஷம் கூடவே இருந்தாள். வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாள் அபிதகுஜாம்பாள். இப்போது அந்த வரி அவளை விடவில்லை. இளவரசிதான், ஏவலுக்கு ஆட்கள் இருந்திருப்பார்கள். இருந்தாலும், கிழவர் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தால் யார் சமாதானம் செய்தது? கட்டிலிலிருந்து கழிவறை எத்தனை தூரம்? பளிங்குத் தரையில் ஈரம் பட்டால் வழுக்குமே? ஜாலி என்கிற கல் சல்லடை ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தால் எதைக்கொண்டு மறைத்தார்கள்? அப்பாவும் மகளும் இருந்த கோட்டைக் கோபுரத்தை வெளியில் நின்றுதான் பார்க்க விடுவார்களாம். அது போதும். அதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு டெல்லியில் அவள் கல்லறை. மேலே கூரையில்லாமல் புல் முளைத்துக் கிடக்குமாம். அதையும் பார்க்க வேண்டும்.

தாஜ்மஹால், நேரம் இருந்தால்.

காலனியில் யாருக்கும் இது விளங்கவில்லை. ஆண்டுதோறும் காசிக்கு ஆள் சேர்க்கும் ராஜாராமன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வடக்கே போறதுன்னு ஆயிடுத்து. காசி, அயோத்திக்கு எங்களோட வாங்கோளேன் மாமி? நம்ம சாப்பாடு, சமையல்காரரும் கூட வரார்."

"காசிக்குத் தம்பதியாப் போகணும். அவர் வர முடியாது."

"அதுக்காக யாரோ துலுக்க ராஜகுமாரி கல்லறைக்கா?"

"அவளும் என்னை மாதிரி நர்ஸ் வேலை பார்த்தவ சார்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினாள்.

புனேயிலிருந்து மகன் ஸ்ரீவத்சன் கூப்பிட்டான். "அம்மா, நான் ஒரு ஐடினரி அனுப்பியிருக்கேன் பாரு. அப்பாவையும் வீல்சேர்ல கூட்டிண்டு போயிடலாம். ஒரு நாளைக்கு ஏழு ஸ்பாட்."

"ஏழு ஸ்பாட்லே பாத்ரூம் எங்கேயெல்லாம் இருக்குன்னு அதிலே போட்டிருக்கியா?"

அவன் பேச்சை மாற்றினான். "டிசம்பர்ல நான் வந்து அப்பாவைப் பாத்துக்கட்டுமா?"

"போன டிசம்பர்லயும் இதையேதான் சொன்னே."

யக்ஞநாராயணனிடம் சொல்வதுதான் கடினமாயிருந்தது. அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்: "புருஷன் உசிரோட இருக்கச்சே... கல்லறை பார்க்கப் போறியா?" சற்று நிறுத்தி, "எனக்கு யார் சாதம் ஊட்டுவா?" என்றார்.

அது ஒன்றுக்குத்தான் இன்னும் ஏற்பாடு ஆகவில்லை. காலையில் குளிப்பாட்ட ஏஜென்சியிலிருந்து ஏகநாதன் வருவான். மற்றதற்கு முத்தாலம்மாள் இருந்தாள். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து பம்மலில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் கூடமாட வேலை செய்கிறாள். சார் எழுந்தால் தாங்குவாள், நடந்தால் பின்னாலேயே போவாள். அந்த நாட்களில் இங்கேயே தங்கவும் சம்மதித்துவிட்டாள். "ஆனா டீச்சரம்மா, ஊட்டி வுடுறதுன்னா எனக்குக் கூச்சமா கீது. எம் புருசனுக்கே நான் ஊட்னதில்ல."

யோசித்துப் பார்த்து அபிதகுஜாம்பாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு முன்னால் ஒத்திகை வைப்பதில்லையா? அவளும் ஒத்திகை வைத்தாள். மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. இரண்டு நாள் அங்கே போய் இருப்பாள். அவள் ஊரில் இல்லை என்றே கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். விழுந்தால், மூச்சு முட்டினால், கூப்பிடலாம். சாம்பாரில் உப்பு இல்லை என்று கூப்பிடக் கூடாது.

"இன்னா கூத்து இது" என்று முத்தாலம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"நான் ஆக்ராவுல இருக்கேன்னு நெனைச்சுக்கோ."

"பஸ்ஸுக்கு சில்ற வெச்சினுகிறியாம்மா?"

காலைக் காப்பி ஆனதும் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளிப்படி ஏறி மாடிக்குப் போனாள். கட்டில் இல்லை, பாயை விரித்து உட்கார்ந்தாள். ஜன்னலில் ஏரி தெரிந்தது. ஒரு கொக்கு. கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே புரியவில்லை. கீழே கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும். டக், இழுப்பு, டக்: கழிவறைக்குப் போகிறார். குழாய்ச் சத்தம். பிறகு நாற்காலி கிரீச்சிடும்.

"அபிதா!"

எழுந்துவிட்டாள். வாசற்படி வரை போயும் விட்டாள்.

"அம்மா ஆக்ராவுல கீறாங்க சார்" என்று கீழே முத்தாலம்மாளின் குரல். "இங்கேந்து கத்துனா ஆக்ராவுக்குக் கேக்குமா?"

"மாடிலே... இருக்கா."

"மாடி எங்க கீது? ஆக்ராதான் கீது."

சாப்பாட்டு வேளை வந்தது. கீழே பேச்சுக் குரல் ஏறி இறங்கியது. "வேணாம்னா எட்து வெச்சிட்டுப் போறேன் சார். பசிச்சா நீயே துன்னு. பீச்சாங்கையா இருந்தா இன்னா, சோத்தாங்கையா இருந்தா இன்னா, நான் ஊட்ட மாட்டேன். பொறவு என்ன கேக்காத." அப்புறம் முத்தாலம்மாள் கொல்லைப்புறம் போய்விட்டாள். தங்கையிடம் போனில் வஞ்சிரம் விலை விசாரிக்கும் சத்தம் மதிலோரமாகக் கேட்டது. கூடத்தில் டிவியில் கிரிக்கெட்.

திடீரென்று கீழே பாத்திரம் உருளும் சத்தம்.

இந்த முறை அவள் வாசற்படியில் நிற்கவில்லை. செருப்பும் போடாமல் இறங்கி, வெளிப்பக்க ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் டம்ளர்தான் விழுந்து உருண்டிருந்தது. அவர் நாற்காலியில் பத்திரமாக இருந்தார். முன்னால் தட்டு. இடது கையில் ஸ்பூன். குழந்தை மண்வெட்டி பிடிப்பது போல முஷ்டியில் இறுக்கிப் பிடித்திருந்தார். தயிர்சாதம் பாதி சட்டையில், பாதி வாயில். ஆனால் வாயில் போனது. மென்றார். மறுபடி அள்ளினார்.

அப்போது அவர் நிமிர்ந்தார். ஜன்னலில் அவளைப் பார்த்தார்.

ஸ்பூன் தட்டில் விழுந்தது. இடது கையை வேஷ்டிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். வகுப்பில் மிட்டாய் தின்று அகப்பட்ட பையன்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! ஆனால் இந்த முகத்தில் அந்தக் குறும்பு இல்லை. அவமானம் மட்டும்தான் இருந்தது.

உள்ளே போக வேண்டும் என்று கால் துடித்தது. சட்டையைத் துடைக்க வேண்டும், தட்டை எடுக்க வேண்டும், மீதிச் சாதத்தை ஊட்ட வேண்டும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஆக்ராவுல இருக்கேன்" என்றாள். "இங்கே நடக்கிறது எதுவும் எனக்குத் தெரியாது."

திரும்பி மாடி ஏறிவிட்டாள்.

பாயில் உட்கார்ந்தபோது அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். நாலு வருஷம், மூன்று வேளை! கொஞ்ச நேரம் கழித்து எரிச்சல் இடம் மாறியது. அவர் மட்டுமா செய்தார்? பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்களே, அவர்களால் முடிகிறதை நீங்கள் செய்யாதீர்கள் என்று. அவருக்கு அவள் முன்னால் வெட்கம், அவளுக்கு அவரைப் பார்க்கக் கூச்சம். அதற்கு நடுவில் நல்லாயிருந்த ஒரு கை சும்மா கிடந்திருக்கிறது. வெளியாள் ஒருத்தி ஊட்ட மாட்டேன் என்று நகர்ந்ததும் அது எழுந்து தன் வேலையைப் பார்க்கிறது.

கீழே மறுபடி ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டது. ரொம்ப மெதுவாக. அவள் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனிப் போகாமல் இருக்கச் சாக்கில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தனியாக விமானம் ஏறியதில்லை. இந்தி, பெயர்ப்பலகை படிக்கும் அளவு. அவருக்கு ஊட்டத்தான் ஆளில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் முழு உண்மையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏரியில் கொக்கு இன்னும் அதே இடத்தில் நின்றது.

மறுநாள் சாயங்காலம் ஒத்திகை முடிந்து கீழே வந்தாள். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. முத்தாலம்மாள் மட்டும், "ஆக்ரா எப்டிம்மா கீது? கொசு கடிச்சுதா?" என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அபிதகுஜாம்பாள் தட்டை அவர் முன்னால் வைத்தாள். ஸ்பூனை இடது பக்கமாக வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய், கழுவ வேண்டியதில்லாத பாத்திரத்தையெல்லாம் கழுவினாள். திரும்பி வந்தபோது தட்டு காலி. அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணோட கல்லறை" என்றார். "எங்கேன்னே?"

"நிஜாமுதீன்."

"ஸ்டேஷன் பேரே... அதானே. ஆக்ராவுக்குக் காலம்பற வண்டி... அங்கேயிருந்தே கெளம்பறது. முதல்லே கல்லறை... மறுநாள் ரயில். உன் பிளான்லே... குறுக்கும் நெடுக்குமா அலையறே."

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. வேதசிரோமணி வீட்டிலிருந்து ஆக்ராவுக்கு வேறு ஸ்டேஷன் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதாகத்தான் போட்டிருந்தாள். "ரயில்வேக்காரர்கிட்டே முதல்லேயே கேட்டிருக்கணும்" என்றாள்.

"கேக்கலியே" என்றார்.

மாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, விமான நிலையத்துக்குப் போக டாக்சி வாசலில் வந்து நின்றது. ஏகநாதன் குளிப்பாட்டி முடித்திருந்தான். முத்தாலம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். வழியனுப்ப வாசலுக்கு வருவதாக யக்ஞநாராயணன் சொல்லியிருந்தார். பனியனோடு வர மாட்டாராம். நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

"அம்மா, ஜிஎஸ்டி ரோட்ல டிராபிக் ஏறிடும்!"

முதல் பொத்தான் மாட்டியது. இரண்டாவது இரண்டு தடவை நழுவியது. அபிதகுஜாம்பாள் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டடி எடுத்து வைத்தால் போதும், ஒரு நொடி வேலை.

மறுபடி ஹாரன்.

"போயேன்" என்றார் அவர், பொத்தானைப் பார்த்தபடியே. "நான்... வரேன்."

"நிக்கறேன். அவசரமில்லே."

ஒரு வழியாக எல்லாம் மாட்டி, ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, டக்கென்று ஊன்றி, காலை இழுத்து வாசல் வரை வந்தார். மூன்றாவது பொத்தான் நாலாவது துளையில் மாட்டியிருந்தது. சட்டை ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தொங்கிற்று. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் டாக்சியில் ஏறிக்கொண்டாள்.