அங்கே எவ்வளவு விழும்?

"இன்னைக்கு அனுப்பாத. ரெண்டு நாள் பொறு, ரேட்டு ஏறும்" என்று மேல்கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இவர் சொல்கிறார். கீழே, சம்பளப் பணத்தைச் சட்டைப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி நிற்பவர் சமையல்காரர். இரண்டு நாள் என்றால் இரண்டு நாள்தான். மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்கிறார். அந்த அறையில் ஆறு கட்டில்கள். ஆறு பேருக்கும் வேறு வேறு ஊர், வேறு வேறு சாமி. இந்த வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் விஷயத்தில் மட்டும் எல்லாருக்கும் இவர் வைத்ததுதான் சட்டம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டார். "ரேட்டண்ணே" என்றால் தூக்கத்திலும் திரும்புவார்.

பெரிய விடுதி ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பின் ஒரு மூலையை இவர் பிடிக்க, மறு மூலையைக் கூட்டாளி பிடிக்க, இருவருமாக இழுத்து நிமிர்த்திச் சூடான உருளைக்குள் விளிம்பைக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழும். யாரோ உறங்கி எழுந்த விரிப்புகள், நாள் முழுக்க, ஓயாமல். இரண்டு மணிக்கட்டிலும் உருளை தொட்ட தழும்புகள் வரிவரியாக இருக்கின்றன. கேட்டால், "தங்கத்துல காப்பு போட முடியல, இதையாவது போட்டுக்குவோம்" என்று சிரிப்பார்.

விடுமுறை நாளில் இவரைப் பார்க்க வேண்டும். சவரம் செய்து, இருக்கிற இரண்டில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் போலக் கிளம்புவார். போகிற இடம், பணம் அனுப்பும் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. முதல் கடையில் நுழைவார், கேட்பார், வெளியே வருவார். அடுத்த கடை. அதற்கடுத்த கடை. பிறகு முதல் கடைக்கே திரும்பி வந்து, "பக்கத்துல கூடக் குடுக்கறான்" என்பார். கவுன்டர் பெண்களுக்கு இவரைக் கண்டால் எரிச்சலும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்.

"இங்க நான் எவ்வளவு குடுக்கறேங்கறத விடும்மா. அங்க எவ்வளவு விழும்? அத மட்டும் சொல்லு."

வெறும் பேரம் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டுத் தெளிந்த அறிவு அது. 'கமிஷன் இல்லை' என்று பலகை மாட்டியிருக்கும் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். "கமிஷன் இல்லாம அவன் என்ன தர்மசத்திரமா நடத்தறான்? ரேட்டுல கடிப்பான். பொறிக்குள்ள வச்ச கருவாட்டுக்கு எலிகிட்ட எவனாவது காசு கேப்பானா?" என்பார். வங்கிக்குப் போனால் குளிர்சாதனத்துக்கும் நாம்தான் அழ வேண்டும் என்பார். கைப்பேசிச் செயலிகள் வந்த புதிதில், ஒவ்வொன்றிலும் சின்னத் தொகையை அனுப்பிப் பார்த்து, எதில் எவ்வளவு குறைந்து சேர்ந்தது என்று ஊரில் விசாரித்த பிறகே நம்பினார். புது ஆளைச் சேர்த்துவிட்டால் ஒரு தடவை இலவசம் என்று ஒரு செயலி சொன்னதுதான் தாமதம், அறையிலிருந்த ஐந்து பேரையும் பிடித்துச் சேர்த்துவிட்டார். அவர்களில் ஒருவருக்கு அனுப்புவதற்கு ஊரில் யாருமே கிடையாது.

எல்லாவற்றையும் அலசிப் பார்த்து இவர் கண்ட முடிவு இது. பெறுபவர் கையில் ரொக்கமாகக் கொடுக்கச் சொன்னால் கமிஷன் அதிகம். நேரே வங்கிக் கணக்கில் போட்டால் குறைவு. இரண்டு பேருக்கு இரண்டாகப் பிரித்து அனுப்பினால் இரண்டு கமிஷன். ஒருவருக்கே மொத்தமாக அனுப்பினால் ஒன்று. ஊரில் கணக்கு வைத்திருந்தவர் அண்ணன். ஆகவே அம்மாவின் மருந்துக்கும், விமான டிக்கெட்டுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த கடனுக்கும், மனைவி மகள் செலவுக்கும் சேர்த்து ஒரே தொகை, ஒரே கணக்கு, ஒரே கமிஷன்.

கிளம்பும்போதே மனைவி கேட்டாள். "எம்பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சுட்டுப் போங்களேன்."

"அதுல குறைஞ்சபட்சம்னு ஒரு தொகை சும்மா தூங்கணும். எதுக்கு? ஒரே வீடு, ஒரே அடுப்பு. எதுல விழுந்தா என்ன?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குக் குறையில்லை என்று நினைத்துக்கொள்வது ஆண்பிள்ளைகளுக்கு வசதியான பழக்கம். இவரும் அப்படித்தான் வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தார். மாதாமாதம் மிச்சம் பிடித்த கமிஷனை மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வருவார். "இதுவரைக்கும் மிச்சம் புடிச்சதுல ஒரு பவுன் வந்திருக்கும் தெரியுமா?" என்று அறையில் பெருமை பேசுவார். அந்தப் பவுனை வாங்கினாரா என்று யாரும் கேட்டதில்லை. எல்லாரும் அவரவர் கமிஷனைக் கணக்குப் போடப் போய்விடுவார்கள்.

இந்த வருடம் கூட்டாளி விடுப்பில் ஊருக்குப் போனார். இவர் மகளுக்கு ஒரு பையும் மனைவிக்கு ஒரு கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்த கூட்டாளி முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாளும் விரிப்பின் மறுமூலையைப் பிடித்துக்கொண்டு உருளையையே பார்த்தபடி நின்றார். சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வாயைத் திறந்தார்.

"வீட்டுக்குப் போனேண்ணே. மாடி கட்டிட்டு இருக்காங்க."

"யாரு?"

"உங்கண்ணன்தான். டைல்ஸ் எல்லாம் ஒட்டியாச்சு. உங்க வீட்டுக்காரம்மா அங்க இல்ல."

"எங்க போனா?"

"பின்னாடி ஷெட்டுல இருக்காங்கண்ணே, பொண்ணும் அவங்களும். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்து பாத்துட்டுத்தான் வந்தேன். தையல் கம்பெனியில நூல் பிசிறு வெட்டப் போறாங்க."

விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சுருண்டது. மேற்பார்வையாளர் கத்தினார். இவருக்கு அது காதில் விழவில்லை. கடுகு போன இடத்தையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்த மனிதருக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியாமல் போய்விட்டது.

அன்று மாலை துணி காயப்போடும் மொட்டைமாடியில் நின்றுகொண்டு மனைவியை அழைத்தார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். தவறு தன் பக்கம் என்று தெரிந்தவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"வேலைக்குப் போறியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? மாசாமாசம் தவறாம விழுதுல்ல?"

"விழுது விழுதுங்கறீங்களே, யாரு கையில விழுதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

 அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கடைக்காரரிடம் பாக்கிச் சாமான் சொல்லுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாதம் பிறந்தால் அண்ணன் அறை வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் குளித்து, சாப்பிட்டு, பேப்பர் படித்து முடிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். அண்ணி வந்து, போன மாதம் கொடுத்தது என்னவாயிற்று என்று கேட்பாள். கொடுப்பதை எண்ணிக் கையில் வைக்காமல், தண்ணீர்ப் பானை மூடிமேல் வைத்துவிட்டுப் போவாள்.

"பாப்பாவுக்குக் கண்ணு தெரியல, கண்ணாடி போடணும்னு மூணு தடவை கேட்டேன். முதல் பெஞ்சுல உக்காரச் சொல்லுன்னாங்க. அன்னைக்குத்தான் வேலைக்குப் போனேன். என் முதல் சம்பளத்துல வாங்குன கண்ணாடிங்க அது."

அந்தக் கண்ணாடியை இவர் பார்த்திருக்கிறார். காணொளியில் மகள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "என்னடா, டீச்சர் மாதிரி இருக்கே!" என்று சிரித்தார். நம் காசில் பிள்ளை எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று அறை முழுக்க அந்தப் படத்தைக் காட்டினார். இப்போது அதை நினைக்கையில் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க பணம் அனுப்புனீங்க. நான் பிச்சை வாங்குனேன். ரெண்டும் ஒரே பணந்தான்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மறு சம்பளத்தன்று எந்தக் கடையிலும் விசாரிக்கவில்லை. முதல் கடைக்குள் போய் நின்றார். மனைவி பெயருக்கு, ரொக்கமாக, அவள் கையிலேயே கொடுக்க வேண்டும் என்றார்.

கவுன்டர் பெண்ணுக்கு நம்ப முடியவில்லை. "அண்ணே, இதுல கமிஷன் கூடண்ணே. உங்களுக்குத் தெரியாததா? கணக்குலயே போட்டுடலாமே."

"தெரியும்மா. அவ பேருக்கே போடு."

பணத்தை எடுக்க வேண்டிய எண்ணை மனைவிக்கு அனுப்பிவைத்தார். அவளிடமிருந்து பதில் இல்லை. அண்ணனிடமிருந்துதான் அழைப்பு வந்தது. "என்னடா, இந்த மாசம் இன்னும் விழல?"

வாய்வரை வந்தது. மாடியைப் பற்றி, ஷெட்டைப் பற்றி, பானை மூடியைப் பற்றி. கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும். ஆனால் அண்ணன் குரல் காதில் விழுந்ததும் பழைய தம்பியாகிப் போனார்.

"ரேட்டு சரியில்லண்ணே. ஏறட்டும்னு பாக்கறேன்."

சொல்லி முடித்ததும் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. அம்மாவின் மருந்தை மட்டும் நேரே மருந்துக்கடைக்காரர் பேருக்குக் கட்டிவிட்டார். அது வரைக்கும்தான் தைரியம் வந்தது.

ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அனுப்பிய பணம் எடுக்கப்படவில்லை என்று கைப்பேசிக்குச் செய்தி வந்துகொண்டே இருந்தது. ஞாபகமறதியாக இருக்கும் என்று மனைவியை அழைத்தார்.

"எடுக்கலியா?"

"டவுனுக்குப் போகணும். அரை நாள் லீவு போடணும், அரை நாள் கூலி போயிடும். பஸ் செலவு வேற. கணக்குப் பாத்தேன், கட்டுப்படியாகல."

கிண்டலா நிஜமா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. நிஜமாக இருந்தால்தான் இன்னும் வலிக்கும். "அவசரத்துக்கு வச்சுக்கயேன்" என்றார்.

"அவசரமெல்லாம் தாண்டியாச்சுங்க" என்றாள். "சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்கவில்லை. எப்போதும் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

சமையல்காரர் அன்று இரண்டு தடவை வந்து, "இன்னைக்கு அனுப்பலாமாண்ணே?" என்று கேட்டார். "உம் பொண்டாட்டியக் கேட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சமையல்காரர் அதை ஏதோ புது யுக்தி என்று எண்ணி, மற்றவர்களிடமும் போய்ச் சொன்னார்.

அடுத்த விடுமுறை நாளில் கடையிலிருந்து அழைத்தார்கள். கவுன்டர் பெண் பணத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். "கெடு முடிஞ்சுடுச்சுண்ணே. யாரும் வாங்காததால திரும்பி வந்துடுச்சு. பணம் முழுசா இருக்கு. கட்டுன கமிஷன் மட்டும் வராது. மறுபடி அனுப்புனா மறுபடியும் கட்டணும்."

கண்ணாடித் தடுப்பின் கீழ்ச் சந்து வழியாக நோட்டுக்கட்டு வெளியே வந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். இவர் கட்டை கையில் எடுத்து, ரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கமிஷன் காசை எடுத்து அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அதே சந்து வழியாக உள்ளே தள்ளினார்.