அட்டைப்பட விளக்கைப் பார்த்தவர்

பங்காருபேட்டையில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்தவர், என் மடியிலிருந்த நாவலின் அட்டையையே பார்த்தார். கழுத்தில் மப்ளர், வெற்றிலை போட்ட வாய். கேட்காமலே கையை நீட்டி, படத்தைக் கட்டைவிரலால் தடவினார். படத்தில் மழை, ஒரு பங்களா, அதன் வாசலில் விளக்கு.

"இன்னா சார், லைட்ட தலைகீழா மாட்டிகீறாங்க? கிண்ணமாட்டம் மேல பாக்குது. மழைத்தண்ணி ரொம்பிடாது?"

"படம்தானேங்க."

"முக்காவாசி புக்ல இப்படித்தான் போட்டுகீறாங்க. ஆமா, உங்க வீட்டு வாசல்ல எப்படி மாட்டிகீறீங்க?"

வீட்டில் மனைவி தனியாக இருந்தாள். வாசல் விளக்கை விசாரிப்பவன் திருடனைத் தவிர வேறு யாராக இருப்பான்?

"எங்க வீட்ல வாசல் லைட்டே இல்லீங்க."

"அடடே! அப்போ ராத்திரில கும்மிருட்டா?"

பொய் சொல்லித் திருடனுக்கு நானே வழி காட்டிவிட்டேன். அவர் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கினார். நான் இறங்க வேண்டியதும் அங்கேதான். பயத்தில் அடுத்த ஸ்டேஷன் வரை போய், நடந்தே வீடு திரும்பினேன். மனைவி பத்திரமாகத்தான் இருந்தாள். வாசல் விளக்கை அண்ணாந்து பார்த்தேன். உருண்டையான விளக்கு. அதில் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று தெரியவில்லை.

இப்போதும் அதே ரயிலில் அவரைப் பார்க்கிறேன். என் வாசல் விளக்கைப் பற்றிய சந்தேகம் போகவில்லை. சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவரிடம் கேட்கலாம்தான். விளக்கே இல்லை என்றல்லவா சொல்லித் தொலைத்திருக்கிறேன்!