நிதானம் அண்ணனின் கொட்டகை

பல் துலக்கிய ஈரம் வாயோரத்தில் காய்வதற்குள் அவர் கொட்டகைக்குப் போய்விடுவார். சட்டைப் பையிலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுப்பார். ஏதோ ஒரு காரின் சக்கரத்து பேரிங்கிலிருந்து கழன்ற குண்டு, கோலிக்காய் அளவு. அதைத் தரையில் வைத்துவிட்டு, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார். நகராமல் நின்றால் கொஞ்சம் தள்ளி வைப்பார். அங்கேயும் நின்றால் மூலைக்குப் போவார். எந்த மூலையிலாவது அது சோம்பலாக உருளத் தொடங்கினால்தான் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். "பாத்தியா? தரை இன்னும் சரியாகல" என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார். சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வரும்: "நீங்க ஏத்தப்போறது காரா, கோலிக்குண்டா?"

தெருவில் அவருக்கு நிதானம் என்றுதான் பெயர். சிறியவர்களுக்கு நிதானம் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும். முன்பு வேலை பார்த்த ஒர்க் ஷாப்பில் யார் அவசரப்படுத்தினாலும், "நிதானம், நிதானம். வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது" என்பார். ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் கை வைத்த வண்டி அதே நோய்க்கு மறுபடி வராது.

குள்ளமான ஆள். தோளிலிருந்து முழங்கை வரை ஒரு மனிதர், முழங்கையிலிருந்து விரல் வரை வேறொரு மனிதர் என்று சொல்லும்படி முன்கை மட்டும் தடித்திருக்கும். காதில் பென்சில். நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் அசையாத கறுப்பு. மரியாதை விஷயத்தில் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு: வண்டிக்கு மரியாதை, வண்டிக்காரனுக்கு அதட்டல். பானெட்டைத் திறந்ததும் இன்ஜினைப் பார்த்து, "என்னங்க, ரொம்ப சூடாயிட்டீங்களா? தண்ணியே காட்டலியா உங்களுக்கு?" என்று தழைந்து கேட்பார். அதே மூச்சில் சொந்தக்காரர் பக்கம் திரும்பி, "யோவ், மனுசனா நீ?" என்பார். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரே அந்த "யோவ்"வை வாங்கிக்கொண்டு தலை கவிழ்ந்து நின்றிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் இருந்த வேலையை ஏன் விட்டார் என்று தெருவில் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். முதலாளியோடு சண்டை என்றார்கள். சொந்தத் தொழில் ஆசை என்றார்கள். உண்மை இவ்வளவுதான். போன வருடம் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஜாக்கி வழுக்கியது. வண்டி இறங்கிவிட்டது. பக்கத்தில் யாரோ கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தின் மேல் அது சாய்ந்து நின்றதால் நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவே அரை மூச்சு விடுகிற இடம் மிஞ்சியது. மற்றவர்கள் இன்னொரு ஜாக்கியைத் தேடி எடுத்து வந்து தூக்கும்வரை அந்த அரை மூச்சில்தான் உயிரை வைத்திருந்தார். விலா எலும்பில் ஒரு கீறல். அது ஆறிவிட்டது. வேலைக்குத் திரும்பினார். படுத்தார். தலை பம்பருக்குக் கீழே போனதும் உள்ளங்கை வியர்த்தது, காது அடைத்தது, மூச்சு பாதியில் நின்றது. "தலை சுத்துது" என்று எழுந்துவிட்டார். அடுத்த முறையும் தலை சுற்றியது. அதற்கடுத்த முறை முதலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மறுநாள்தான், "வீட்லயே பட்டறை போடப்போறேன்" என்று அறிவித்தார்.

மனைவியிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? அவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவள், நாள் முழுக்கப் பிரிந்த தையலைக் கண்டுபிடிப்பதே வேலை. ஒருநாள் நூல்கண்டு ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எடுத்துத் தரச் சொன்னாள். மனிதர் குனிந்து பார்த்தார், எழுந்தார், போய் விளக்குமாற்றை எடுத்து வந்து அதன் கட்டையால் தள்ளி எடுத்தார். கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் நூலை வாங்கிக்கொண்டாள். அன்று அவள் தைத்த பையில் ஒரு பக்கம் கோணலாகிப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

கொட்டகை இந்த வீட்டோடு வந்தது. முந்தைய சொந்தக்காரர் பால் வியாபாரி; மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர் கொட்டகையை விட்டுவிட்டுப் போனார். இவர்கள் இருவருக்கும் மாட்டின் முன்பக்கம் எது, உதைக்கிற பக்கம் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இத்தனை நாள் அதில் உடைந்த நாற்காலிகளும் ஓட்டைக் குடங்களும்தான் குடியிருந்தன. அவற்றை அகற்றிப் பார்த்தபோது இடம் நன்றாகவே இருந்தது. உயரமான தகரக் கூரை. தடித்த மரத்தூண்கள். மாடு கட்டிய இரும்பு வளையங்களில் இப்போது ஃபேன் பெல்ட்டுகள் அளவு வாரியாகத் தொங்குகின்றன. சிமென்ட் தீவனத் தொட்டியில் டீசல் ஊற்றிக் கறை பிடித்த சாமான்களை ஊற வைக்கிறார். வைக்கோல் போட்டு வைத்த பரணில் டயர்கள். மழை பெய்தால் மட்டும் சுவரிலிருந்து பழைய சாணி வாசனை கிளம்பும். "வாசனையோட சர்வீஸ், வேற எங்க கிடைக்கும்?" என்பார்.

தகராறு தரையில்தான். மாட்டுக் கொட்டகைக்குத் தரை சரிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூத்திரம் தேங்கும். கார் பட்டறைக்குத் தரை மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கி சறுக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆள் நின்று வேலை செய்கிற ஆழத்துக்குத் தரையில் நீளக் குழி வெட்டிவிட்டால் போதும். வண்டி மேலே நிற்கும், நாம் உள்ளே நிற்கலாம். ஜாக்கியே வேண்டாம், படுக்கவே வேண்டாம். இந்த யோசனை வந்த அன்று அவர் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கொத்தனார் வேலை பார்க்கிற மச்சினன் கடப்பாரையோடு வந்தான். "மாமா, இந்த இடம் வேணாம். பழைய சாக்கடை இந்தப் பக்கமாத்தான் போகுது" என்றான். "நீ வெட்டு, நான் பாத்துக்கறேன்" என்றார் இவர். நிதானத்துக்குப் பெயர் போன ஆள் தன் வாழ்க்கையில் அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே குழி வெட்டக் கிணறு கிளம்பியது. முதல் மழைக்கே நாலாபக்கமும் ஊற்றெடுத்து, மறுநாள் காலையில் ஒரு தவளை வேறு குடிவந்திருந்தது. வாளி வாளியாக இறைத்தார். சிமென்ட் பூசினார். மறுபடியும் ஊறியது. மனைவி எட்டிப் பார்த்து, "மீனாவது விடுங்க, பொழுது போகும்" என்றாள். மச்சினன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சொன்னேனே என்று சொல்லாமல் இருப்பதற்கு அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. கடைசியில் குழியைக் கல்லும் மண்ணும் போட்டு மூடி, மேலே கான்கிரீட் ஊற்றித் தரை முழுவதையும் மட்டமாக்கினார்கள். இனி ஜாக்கிதான். இனி படுத்துத்தான் ஆக வேண்டும்.

அன்றிலிருந்துதான் இரும்புக் குண்டு வந்தது. தரை காயட்டும் என்றார். காய்ந்தது. பெயின்ட் அடிக்கட்டும் என்றார். அடித்தாகிவிட்டது. கதவை அகலமாக்கினார், ஸ்விட்ச் போர்டை இடம் மாற்றினார், ஸ்பேனர் மாட்டும் பலகைக்கு வார்னிஷ் அடித்தார். பழைய தூண் ஒன்றை அறுத்து வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள் செய்தார். ஒரு லாரியையே தாங்கும் அளவுக்குச் செய்தார். பேட்டரி, பெல்ட், பிளக் என்று நின்றபடி செய்கிற வேலை வந்தால் வாசலிலேயே முடித்துக் கொடுப்பார். அடியில் பார்க்க வேண்டிய வேலை வந்தால், "பட்டறை இன்னும் ஆகலப்பா, ஜங்ஷன் ஒர்க் ஷாப்புல பாத்துக்கோ" என்று அனுப்பிவிடுவார். அப்படிப் போனவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது தையல் மிஷினால்தான். கொட்டகை முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே மனைவி சொன்னாள். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. பாவம், அந்தத் தரை மேல ஏன் பழி போடறீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வெகுநேரம் பிசைந்தார். "பயம்னு இல்ல" என்றார். பிறகு, "மூச்சு நின்னுடுது" என்றார். அதற்கு மேல் பேசினால் இரண்டு பேரும் அழவேண்டி வரும் என்று, "ரசம் ஊத்தவா?" என்றாள். ஊற்றினாள்.

பேக்கரிக்காரர் வேன் வந்தது அந்த வாரத்தில்தான். வரும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. சைலன்சர் கழன்று, பாதி தரையில் இழுபட்டுக்கொண்டு, மீதி ஒரு சணல் கயிற்றில் தொங்கியது. "அண்ணே, ஜங்ஷன்ல கேட்டேன், வண்டிய விட்டுட்டுப் போ, அடுத்த வாரம் பாக்கலாம்ங்கறாங்க. விடியக்காலைல ரொட்டிய நான் தலைலயா சுமக்கறது?" என்றார் பேக்கரிக்காரர்.

வழக்கமான பதில் நிதானம் அண்ணனின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கண் வேனுக்குப் போய்விட்டது. கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "யோவ், இவங்கள இப்படியா கட்டி இழுத்துக்கிட்டு வருவ? ஈவிரக்கம் இல்ல?" என்றார். கோபம் வந்தால் மனிதருக்கு மற்றதெல்லாம் கொஞ்சம் மறக்கும் போலிருக்கிறது. "விட்டுட்டுப் போ. சாயங்காலம் வா."

ஜாக்கி வைத்துத் தூக்கினார். இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்தார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மரக்கட்டை. கட்டைக்குப் பக்கத்தில் சக்கரம். சக்கரத்துக்கு மேல் இன்னொரு சக்கரம். போகத் திரும்பிய பேக்கரிக்காரர் நின்று பார்த்து, "அண்ணே, வண்டிய தூக்கறீங்களா, இல்ல வீடு கட்டறீங்களா?" என்றார். இவர் வேனைத் தோளால் முட்டித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. பேக்கரிக்காரர் போனதும் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தார். அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார்.

முன்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் வேலை நடந்தால் இரும்புச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அவள் மிதிப்பதை நிறுத்திக் காது கொடுத்தாள். அப்போதும் கேட்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே எழுந்து வந்தாள்.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். தலை பம்பருக்கு வெளியே இருந்தது. கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை.

"நீ ஏன் வந்த? தைக்கற வேலை இல்லியா?"

"ஊசி உடைஞ்சிடுச்சு" என்றாள். ஊசி ஒன்றும் உடையவில்லை.

அவர் ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி உந்தினார். தலை உள்ளே போனது. தோள் போனது. நெஞ்சு பம்பருக்கு நேராக வந்ததும் நின்றுவிட்டார். சட்டைப் பொத்தான்கள் மேலும் கீழும் வேகமாக ஏறி இறங்கின. வெளியே தெரிந்த இரண்டு பாதங்களும் விறைத்துக்கொண்டு நின்றன. வெளியே வந்துவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. இன்றைக்கு வந்துவிட்டால் இந்த மனிதர் இனிமேல் உள்ளே போகப்போவதில்லை என்பதும் தெரிந்தது. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவருடைய வலது கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்ற?" குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

"இழுக்கணும்னா இழுத்துடுவேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

"கூசுது."

"கூசட்டும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாதம் அவள் பிடிக்குள் மெல்ல நகர்ந்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றாக உள்ளே மறைந்தன. இடுப்பு வரை போய்விட்டார். இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் ஒன்று கேட்டது. துருப்பிடித்த போல்ட் கிரீச்சிட்டது. "கொஞ்சம் பொறுத்துக்குங்க, இதோ ஆச்சு" என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது, வேனிடம்தான். வண்டியின் ஓரத்தில் கறுத்த கை ஒன்று உள்ளங்கை மேலாக வெளியே வந்தது. "பதினாலு குடு." அவள் ஸ்பேனர் பெட்டியைக் கால் விரலால் பக்கத்தில் இழுத்து, எண் பார்த்து, இடது கையால் எடுத்துக் கொடுத்தாள்.

முன்வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். "தையல்காரம்மா, துணி ரெடியா? வீட்ல இருக்கீங்களா?" என்று குரல் வந்தது. மறுபடியும் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வலது கை மரத்துப்போயிருந்தது. இடது கையால் கணுக்காலை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வலது கையை எடுத்தாள்.