சிரிப்புச் சத்தம் கேட்ட வெள்ளிக்கிழமை

என்னைப் பேட்டி காண வருகிறவர்கள் எல்லாரும், "உங்க காமெடிக்கு மக்கள் எப்படிச் சிரிக்கிறாங்க பார்த்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பார்த்ததில்லை, போங்கள். நடிக்கும்போது யாராவது சிரித்தால் டேக் போச்சு. கேமராக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு நிற்பார், அவர் வயிறு மட்டும் குலுங்கும். அப்புறம் அந்த வீடியோ எங்கெங்கோ போகும். யாரோ பஸ்ஸில், யாரோ கடையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். எனக்கு வந்து சேர்வதெல்லாம் கண்ணில் நீர் வழிய உருளும் மஞ்சள் பொம்மை முகங்கள்தான்.

அதனால் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொண்டே பல மத்தியானங்கள் போயிருக்கின்றன. ஆலங்குடிப் பக்கம் முந்திரி பூக்கும் காலத்தில் காற்றுக்கே ஒரு மயக்கம் உண்டு. ஷூட்டிங் இடைவேளையில் மரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்தால் கண் செருகும். தூரத்தில் எங்கோ ஒரு பெரிய கூட்டம் சிரிப்பதுபோல இருக்கும். எழுந்து பார்த்தால் சருகு.

நான் நடிக்க வந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஆலங்குடியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். வாசலில் ஆட்டோக்காரர் கொஞ்சம் அதிகமாகக் காசு கேட்டுவிட்டார். விடுவேனா? இடுப்பில் கையை வைத்து முதலில் ஒரு முறைப்பு. அவருக்கு வேர்க்கும் வரை முறைத்துவிட்டு அப்புறம்தான் வாயைத் திறந்தேன். ஸ்டுடியோ வைத்திருந்த தம்பிகள் கல்யாண வீடியோ எடுப்பவர்கள், அப்போதுதான் யூடியூப் சேனல் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் வெளியே வந்து, "யக்கா, இதையே உள்ள வந்து ஒரு தடவ திட்டுறீங்களா?" என்றார். அவ்வளவுதான். அவர்கள் வீடியோக்களில் புருஷனை விளக்குமாற்றால் விரட்டும் பொண்டாட்டி ஆகிவிட்டேன். அழகு இல்லாதவளுக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அதில் நான் குனியாமல் நுழைந்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்வேன்.

என் நிஜப் புருஷன் அப்போது சவூதியில் இருந்தார். ரூமில் கூட்டம் என்பதால் படிக்கட்டில் நின்றுதான் எனக்குப் போன் பேசுவார். சாப்பிட்டியா, மழை பெஞ்சுச்சா, கடலை என்ன வெல போகுது. வீடியோவைப் பற்றி மூச்சு விட மாட்டார். நானும் கேட்டதில்லை. வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்களே, அது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கையில் விளக்குமாறு இல்லாவிட்டால் எனக்கு வாயே வராது.

என் மாமியாருக்கு மட்டும் வாய் ஓயாது. "அவன் வரட்டும்டி, ஒனக்கு இருக்கு. ஊரே பாக்க மானத்த வாங்குற."

என் வீட்டுக்காரர் லீவில் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். கதாநாயகனுக்கு அத்தை வேஷம். நின்று பேசுகிற மாதிரி நாலு சீன். "வீட்டுக்காரர் வாராரு சார், கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் வேண்டாம் என்றால் படம் மட்டுமல்ல, முந்திரித் தோப்பு ஷூட்டிங்கும் கிடையாது, எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

வந்தார். தைலம், சோப்பு, பால் பவுடர் எல்லாம் வந்தன. பேச்சு வரவில்லை. கீரமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் ஒருவர், "மாப்ள, வெளக்கமாத்து அடியெல்லாம் பழகிப்போச்சா?" என்று கேட்டுவிட்டார். இவர் அப்பளத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கினார். நான் ரசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டேன்.

மத்தியானங்களில் மரத்தடிக் கட்டிலில் படுத்திருப்பார். "இந்தா…" என்று கூப்பிடுவார். கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். "தண்ணி கொண்டா" என்பார். தினமும் இதே. அந்த நாட்களில் தூங்கினேனா விழித்திருந்தேனா என்றே தெரியாது. கண்ணை மூடினால் அவர் வாய் அசையும், சத்தம் இருக்காது, டப்பிங் பேசாத படம் மாதிரி. என்ன சொல்கிறார் என்று கிட்டப் போனால் விழிப்பு வந்துவிடும். முந்திரிப் பூ வாசம் மட்டும் அறை முழுக்க நிற்கும். கம்பெனியிலிருந்து இரண்டு தரம் போன் வந்து நான் எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. சவூதியில் அது லீவு நாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போனைப் பிடித்தபடி அடுப்படி வாசலில் வந்து நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"இந்தா… ரூமு பயலுக லைன்ல இருக்காய்ங்க."

"என்னவாம்?"

"அது எம் பொண்டாட்டிடான்னு மொதோ வீடியோலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு பய நம்ப மாட்டேங்குறான். கல்யாண போட்டோவ காமிச்சா இது வேற பொண்ணுண்ணேங்குறாய்ங்க. புளுகுமூட்டைன்னு பேரு வச்சிட்டாய்ங்க. வந்ததுலேருந்து ஒங்கிட்ட கேக்கணும்னுதான்… நீ தப்பா நெனச்சுக்குவியோன்னு… ஒரே ஒரு தடவ அந்த மொறைப்பு மொறச்சிரேன்."

அட கிறுக்கு மனுஷா! இதற்கா இத்தனை நாள் என்னை உயிரோடு வறுத்தாய்?

போனைத் திருப்பினார். ஒரு கட்டில்மேல் இன்னொரு கட்டில், கொடியில் லுங்கிகள், தரையில் பேப்பர் விரித்துப் பெரிய பிரியாணித் தட்டு, சுற்றிலும் முகங்கள். நான் இடுப்பில் கையை வைத்தேன். முறைத்தேன். 'எம் பொண்டாட்டிடா' என்று இந்த மனுஷன் இத்தனை காலம் அந்த ரூமில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். உதடு துடித்தது. கை இடுப்பிலேயே இருக்க, கண் முறைத்தபடியே இருக்க, பொலபொலவென்று கொட்டிவிட்டது. மூக்கும் ஒழுகியது. கேவல் வேறு.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "யக்கா! அவங்களேதாண்டா! நெசந்தாண்ணே! என்னா நடிப்புடா!" ஒருவர் தட்டைத் தட்டுகிறார், ஒருவருக்குப் புரையேறுகிறது, இன்னொருவர் கட்டிலில் விழுந்து உருள்கிறார். சிரிப்பு அலை அலையாக எங்கள் அடுப்படிக்குள் வந்தது. நான் நிறுத்தப் பார்த்து இன்னும் விசும்ப, அவர்கள் இன்னும் சிரித்தார்கள். ஆண்கள் இப்படிக் கூட்டமாக, ஈரமாக, அடிவயிற்றிலிருந்து சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே நின்றேன். அழுகையும் நிற்கவில்லை, காதும் நிறையவில்லை.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெசமாவே அழுதியா?"

தலையாட்டினேன். அதே மூச்சில் சென்னைப் படத்தையும் சொல்லிவிட்டேன். ஒழுகுகிற மூக்கோடு என் வாழ்க்கையிலேயே நான் கேட்ட ஒரே அனுமதி அதுதான்.

"போயிட்டு வா" என்றார். பிறகு களைந்த அரிசியை அவரே எடுத்து உலையில் போட்டார்.

"பயலுகளுக்கு மட்டும் நீ நெசமா அழுதேன்னு தெரிய வேணாம். அந்த ரூமுல யாரும் இப்புடிச் சிரிச்சு நாங் கேட்டதில்ல."