ஒரு டம்ளர் ஆட்டுப்பால்

"வீட்டில் ஒற்றை ஆடு. கிடைப்பதோ ஒரு டம்ளர் பால். அதை வைத்துக்கொண்டு சமையலறையில் என்னதான் செய்வது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

எனக்குப் பிடித்த விஷயம். ஆசையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் எங்கள் வீட்டு ஆடு போய்விட்டது.

சாகவில்லை... போகச் சொன்னார்கள்.

முதலில் அந்த அம்மாவுக்குப் பதில். ஒரு டம்ளர் என்பது குறைச்சல் இல்லை. கறந்ததும் இளந்தீயில் காய்ச்சிவிடுங்கள் — பொங்கவிட்டால் வாடை தூக்கும். தேநீரை இறக்கிய பிறகு இரண்டு கரண்டி ஊற்றுங்கள். உருளைக்கிழங்கு மசியலில் கடைசியாகக் கால் டம்ளர். மிஞ்சியதில் எலுமிச்சை பிழிந்து, திரிந்ததும் துணியில் கட்டித் தொங்கவிட்டால் சின்னக் கட்டி ஒன்று கிடைக்கும். வெங்காயம், பச்சை மிளகாயோடு வதக்கினால் சப்பாத்திக்கு ஆச்சு. வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் மாவு பிசைந்தால் சப்பாத்தி மறுநாளும் மெத்தென்று இருக்கும்.

இந்தச் சிக்கனமெல்லாம் எனக்கு எப்படி வந்தது? பாலில் முக்கால்வாசி பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததே!

காஜா பெராங் என்ற எங்கள் பேட்டையில் எங்களுக்குப் பக்கத்து வீடு மங்களத்துடையது. அவள் கணவர் ஓர் அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. என் வீட்டுக்காரர் அதே ஆபீசில் பியூன். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம் மங்களத்துக்குப் பெண் பிறந்தது. பிரசவக் காய்ச்சலில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது. டின் பால் கொடுத்தார்கள், பிள்ளை கக்கியது. வேறு டின் வாங்கினார்கள், அதையும் கக்கியது. அழக்கூடத் தெம்பில்லாமல் துணி மாதிரிக் கிடந்தது.

பக்கத்துக் குடியிருப்பான செட்டி கம்போங்கிலிருந்து, எங்களுக்குப் பழக்கமான நாகம்மா பார்க்க வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. வாயைத் திறந்தால் மலாய். பிள்ளையைப் பார்த்தாள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் ஆட்டைப் பார்த்தாள். "சூசூ கம்பிங், சுபா லா" என்றாள். ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்களேன் என்று அர்த்தம்.

தண்ணீர் கலந்து காய்ச்சி, துளி சர்க்கரை போட்டுப் புகட்டினோம். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். பிள்ளை கக்கவில்லை. தூங்கிவிட்டது.

அன்று மங்களத்தின் கணவர் எங்கள் கொல்லையில் வந்து நின்றார். "அக்கா, இது ஆடு இல்லேக்கா... தெய்வம்" என்றார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் இன்று எனக்கு இவ்வளவு வலிக்காது.

பிள்ளை தேறினாள், நடந்தாள், ஓடினாள். மெர்டேக்கா வந்தது. அந்த ஆபீசிலிருந்த வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போனார். அந்த நாற்காலி மங்களத்தின் கணவருக்குக் கிடைத்தது. எங்கள் தெருவுக்கே பெருமை. அன்றைய பால் முழுவதையும் ஊற்றி நான் பாயசம் வைத்தேன்.

போன மாதம் அவர் வேலியருகே வந்தார். மூக்கில் கைக்குட்டை.

"ஞாயித்துக்கிழமை டீ குடிக்க எங்க மேலதிகாரி, பெரிய துவான் வர்றாரு. மிஸிஸும் வர்றாங்க. இந்த வாடைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அன்னிக்கு மட்டும் வேற எங்கியாச்சும் கட்டிடுறேன் தம்பி."

"அன்னிக்கு மட்டும் இல்லேங்க. இது டவுன், எஸ்டேட் இல்லே. நான் ஆபீசரா நடவடிக்கை எடுத்தா நல்லா இருக்காது பாருங்க. அதான் வாய் வார்த்தையா சொல்றேன்."

அக்கா போய் 'ங்க' வந்திருந்தது. "உங்க பொண்ணு குடிச்ச பால் தம்பி" என்றேன்.

"அதெல்லாம் அப்போ. இப்ப நல்ல டின் பால் வாங்குறேன். லண்டன் சரக்கு."

அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் மங்களம் நின்றிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் கேட்டாரு, 'உன் வீட்டு ஆட்டைக்கூட உன்னால அடக்க முடியலியா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க" என்றார். மறுநாள் காலையில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய் நாகம்மாவிடம் விட்டேன். ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வீட்டுச் செம்பருத்தியில் வாயை வைத்தது. அழுதது நான்தான்.

வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான். மூக்கை மட்டும் இங்கே சிலருக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இந்த வாரம் நாகம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டுப் பின்வாசலில் யார் என்கிறீர்கள்? மங்களம்! சேலைத் தலைப்புக்குள் பித்தளைச் செம்பு.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "டின் பால் இன்னமும் ஒத்துக்கலேக்கா. வயித்தால போகுது. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துடுறேன். வீட்டுல டின் பாலுன்னுதான் சொல்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். லண்டன் பால்ல பிள்ளை எப்படித் தேறிட்டா பாருங்கன்னு ஆபீஸ் முழுக்கச் சொல்றாராம்."

"அன்னிக்கு ஜன்னல்ல நின்னியே மங்களம்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு நான் எங்கக்கா போறது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

சேர்ந்து நடந்து வந்தோம். எங்கள் தெரு தெரிந்ததும் அவள் பின்தங்கிக்கொண்டாள். என்னோடு வருவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே! நான் நின்று திரும்பி, "இதை நான் எழுதப்போறேன். பேரை மாத்தித்தான்" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

அவள் பயப்படவில்லை. "எழுதுங்கக்கா. பேரை மாத்தக்கூட வேணாம். அவருதான் இப்பல்லாம் தமிழ்ப் பேப்பரே படிக்கிறதில்லியே."

ஆனாலும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவர் படிக்கமாட்டார்... படித்துவிட்டுப் போய்ச் சொல்வதற்கு நம்மில் ஆட்களா இல்லை?