எருமைக் கொட்டகையைச் சுற்றிப் போன அட்சரேகை

எளாவூருக்குப் பக்கத்தில் ஓராசிரியர் பள்ளியில் எனக்குத் தற்காலிக வேலை. இன்ஸ்பெக்டர் வந்து நல்லபடியாக நாலு வரி எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் திருவள்ளூருக்குத் திரும்பி, அப்பா பார்த்து வைத்திருந்த நாற்பது வயது மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அதனால் பூகோளத்தை நான் கொஞ்சம் வெறியோடுதான் நடத்தினேன்.

அட்லஸில் எங்கள் ஊர் ஏறக்குறைய பதின்மூன்றரை டிகிரியில் இருந்தது. அட்சரேகை என்றால் பிள்ளைகள் முழித்தார்கள். இன்ஸ்பெக்டருக்காகப் பள்ளிக்கு வெள்ளையடித்ததில் சுண்ணாம்பு மிஞ்சியிருந்தது. நிழலை வைத்துக் கிழக்கு மேற்கு பார்த்து, பள்ளி வாசலில் தொடங்கித் தெருக்கோடி வரை நேராக ஒரு கோடு போட்டேன். இதே கோட்டில் கிழக்கே போனால் கடல் தாண்டிப் பாங்காக் பக்கம், மேற்கே போனால் ஆப்பிரிக்கா என்றேன். பிள்ளைகள் கோட்டின் மேல் ஏறி நின்று ஆப்பிரிக்காவை எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. என் மண்டையில் அது உறைக்கவே இல்லை. மறுநாள் காலை எதிர்வீட்டுப் பால்காரர் வந்துவிட்டார்.

“இன்னா டீச்சரம்மா, ஊடு இந்தாண்ட, எருமை அந்தாண்டயா? பால் கறக்க நான் ஆந்திராவுக்குப் போய்க்கினு வரணுமா?”

இது எல்லைக்கோடு இல்லை, கற்பனைக் கோடு, உண்மையில் இப்படி ஒன்று இல்லவே இல்லை என்று விளக்கினேன். இல்லாத கோட்டுக்கு எதற்கு இவ்வளவு சுண்ணாம்பு என்று கேட்டார். அதற்கு எனக்குப் பயிற்சிப் பள்ளியில் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை.

அன்று மாலைக்குள் கோடு அவருடைய கொட்டகையைச் சுற்றி வளைந்துவிட்டது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, தன் வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவில் அதை இழுத்து, மாமியாரை ஆந்திராவுக்கு அனுப்பிவிட்டாள். நான் அழித்து நேராகப் போட்டால் அவர்கள் மறுபடி வளைத்தார்கள். கோட்டைக் காவல் காக்கப் பால்காரர் வகுப்பு ஜன்னலோரமே குடியேறிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கோடு பாம்பு போலக் கிடந்தது. பூமியைச் சுற்றும் கோடு ஏன் கோணலாக இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டார். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வயது மாப்பிள்ளை கண்முன் வந்து நின்றார்.

காபிக்குப் பால் கொண்டுவந்த பால்காரர்தான் பதில் சொன்னார்.

“கிழக்க பாங்காக்கு, மேற்க ஆப்பிரிக்கா, எல்லாம் நேராதான் சார் போவுது. நம்ம ஊட்டாண்ட மட்டும் கொஞ்சம் வளைஞ்சிக்கினு போவுது.”

இன்ஸ்பெக்டர் காபியை முடிக்கும்வரை சிரித்தார். பால்காரர்கூடப் பூகோளம் சொல்லும் ஊர் என்று ரிஜிஸ்தரில் எழுதினார். வேலை நிரந்தரமானது. மாப்பிள்ளைக்கு வேறு பெண் கிடைத்தாள், பாவம் அவள்.

சில வருஷம் கழித்து ராஜ்ய எல்லை ஒருவழியாக முடிவாகி, புதுப் படம் பள்ளிக்கு வந்தது. எருமை நம் பக்கம்தான் என்று காட்டப் பால்காரரைக் கூப்பிட்டேன். எல்லைக்கோடு எங்கள் சுண்ணாம்புக் கோட்டைவிடக் கோணலாக இருந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்து, வளைகிற இடங்களில் எல்லாம் நின்று நின்று பார்த்துக்கொண்டே போனார்.

“இங்கல்லாம் யாரோ எருமை வச்சிக்கினு கீறாங்கோ, டீச்சரம்மா” என்றார்.