கிளிக்கு நான் கற்றுக்கொடுத்த சத்தம்

கிளி வளர்ப்பது குற்றம் என்று அப்போது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் மாமா கேட்டிருக்க மாட்டார். வடக்குப்பட்டுப் பக்கம் கம்பெனி கட்டுவதற்காகப் பனைமரங்களைச் சாய்த்தபோது, ஒரு மரப்பொந்தில் கிடந்த குஞ்சைத் தன் ஹெல்மெட்டில் போட்டு எடுத்துவந்தார். "இந்தா, உன் தங்கச்சி" என்று என் மடியில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் ஏற்கெனவே டைகர் இருந்தது. பெயர்தான் டைகர். தெருநாய் ஒன்று குரைத்தால் போதும், கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும் வீராதிவீரன்.

நாயும் கிளியும் ஒரே வீட்டில் ஆகவே ஆகாது, ஒருநாள் கவ்விவிடும் என்று அம்மா பயந்தாள். டைகரோ கூண்டுக்குக் கீழே சிந்தும் பொட்டுக்கடலையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, கிளி தலைமேல் எச்சமிட்டால்கூட உதறிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஆனாலும் நாயிடமிருந்து கிளியைக் காப்பாற்றுவதிலேயே நாங்கள் எல்லோரும் குறியாக இருந்தோம்.

பின்போர்ஷனில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வாடகைக்கு இருந்தார். சங்கரன்கோவில் பக்கம், தனி ஆள். ஒரகடத்துக் கம்பெனிகளில் சாமான் இறக்கிவிட்டு மத்தியானம் சாப்பிட வருவார். வீட்டை ஒட்டிய காலி மனையில் வேப்பமர நிழலுக்குள் லாரியைப் பின்பக்கமாகவே கொண்டுவந்து நிறுத்துவார். டைகர் தூங்குவதும் அதே நிழலில்தான். ரிவர்ஸ் ஹாரன் 'பீங், பீங்' என்று அடிக்கத் தொடங்கியதும் டைகர் எழுந்து, சோம்பல் முறித்து, நாலடி தள்ளிப் படுக்கும். அண்ணன் இறங்கியதும் முதல் வேலையாக அதற்கு ஒரு பிஸ்கட் போடுவார். "என்னல டைகரு, எனக்கு எடம் விட்டுட்டியா?" என்பார்.

அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பகல் ஷிஃப்ட். வீட்டில் நானும் இந்த இரண்டும்தான். கிளிக்கு என் பெயரைச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மகாராணி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் அதுவாகவே 'பீங்' என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் ஒரு பச்சைமிளகாய் எடுத்துவந்து கொடுத்தேன். அப்புறம் 'பீங்' என்றால்தான் மிளகாய். பத்துப் பதினைந்து நாளில் அசல் லாரியே தோற்றுப்போகும்படி அடிக்கக் கற்றுக்கொண்டது.

முதன்முதலில் டைகர் ஏமாந்ததைப் பார்க்க வேண்டுமே! அவசரமாக எழுந்து தள்ளிப்போய், லாரியைத் தேடி முழித்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதை எழுப்பியிருப்பேன், பாவி. நாலைந்து நாளில் டைகர் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. பிறகு காதை மட்டும் ஆட்டியது. பிறகு அதுவும் இல்லை. விளையாட்டு சப்பென்று போய்விட்டதே என்றுதான் எனக்கு வருத்தம்.

இந்த வித்தையை அம்மாவிடம் காட்ட ஆசைப்பட்டேன். பெரியவர்களைக் கண்டால் கிளி வாயைத் திறக்காது. "இன்னாடி, கதை வுடுற" என்று அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தேன். 'பீங், பீங்' என்று கேட்டது. கிளிதான் மிளகாய் கேட்கிறது என்று நினைத்தேன். டைகரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "இப்பதானே குடுத்தேன்" என்று நிமிர்ந்து கூண்டைப் பார்த்தேன்.

கிளியின் வாயில் மிளகாய் இருந்தது.

நான் கத்தியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா வரும்வரை அண்ணன் டைகரை மடியில் போட்டுக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். "ஹாரன் அடிச்சிச்சுண்ணே. நெசமாத்தான் சொல்லுதேன். என்னைக்கும் எந்திரிச்சிரும், இன்னைக்கு ஏன்னு தெரியலண்ணே" என்று அழுதார்.

"ஹாரன் அடிச்சிருந்தா டைகர் எழுந்து போயிருக்கும்பா. மூணு வருசமா பாத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. "செத்தது கூட போவட்டும். பொய் சொல்ற பாரு, அதான் எனக்கு ஆவல. ஞாயித்துக்கெழமைக்குள்ள வூட்ட காலி பண்ணு."

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இப்போது நானும் இங்கேயே ஒரு கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வந்து நிற்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் பையும் பாயுமாகச் சாவி கொடுக்க வந்தார். அப்பா உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, கூண்டுக் கம்பியில் விரல் வைத்து, "வாரேன் தாயி" என்று கிளியிடம் விடைபெற்றார். அத்தனை நாள் பெரியவர்கள் முன்னால் ஊமையாக இருந்த சனியன், அன்றைக்குப் பார்த்து 'பீங், பீங், பீங்' என்றது.

அண்ணன் விரலை எடுத்துக்கொண்டார். கூண்டைப் பார்த்தார். காலி மனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன்.

"எவன் வண்டிய ரிவர்ஸ் எடுக்குறான்?" என்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி அப்பா வெளியே வந்தார்.

"தெருமுனையில ஏதோ வண்டிண்ணே" என்றார் அண்ணன். பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு ஹாரன் அடிக்கலண்ணே. ஒயரு அந்து கெடந்திருக்கு. இப்பத்தான் பாத்தேன். தப்பு எம்மேலதான்."

"நான் அப்பவே சொல்லல?" என்று அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் என் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் காதால் கேட்ட ஹாரனை, அடிக்கவில்லை என்று அவர் சொன்னதும் அப்படியே நம்பிக்கொண்டேன். ஒயர்தான் அறுந்துபோயிருக்கிறது, என்னால் ஒன்றும் இல்லை. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். டைகரைக் கொன்றதும் இல்லாமல் இத்தனை நாள் பொய்யும் சொல்லியிருக்கிறாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.